ஆசிரியர் பற்றாக்குறைக்குக் கொடை: அந்தப் பணம் உண்மையில் எங்கே போகிறது?

"பின்தங்கிய பள்ளிகளுக்கு ஆசிரியர்களைச் சேர்க்க இன்ன அறக்கட்டளை இத்தனை கோடி கொடுத்தது" என்று ஒரு செய்தி வந்தால் நம்மில் பலர் அதை இப்படித்தான் புரிந்துகொள்கிறோம்: பள்ளியில் ஆசிரியர் இல்லை, சம்பளம் கொடுக்கப் பணம் இல்லாததால்தான் இல்லை, இப்போது வசதியான ஒருவர் அந்தச் சம்பளத்தைக் கொடுக்கப்போகிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் நடப்பது அது இல்லை. ஒரு ஆசிரியரை நிரந்தரமாக வைத்தால் முப்பது வருஷச் சம்பளம், அகவிலைப்படி, அப்புறம் ஓய்வுக்காலப் பலன் என்று போகும். பத்தாயிரம் பேருக்கு அதைத் தூக்கிச் சுமக்க எந்த அறக்கட்டளையாலும் முடியாது, அரசாங்கத்தால் மட்டும்தான் முடியும்.

அப்படியானால் கொடைப் பணம் எதற்கு? சம்பளத்தைச் சுற்றியுள்ள வேலைகளுக்கு. ஆளைத் தேடுவது, தேர்ந்தெடுப்பது, பயிற்சி கொடுப்பது, யாரும் போக விரும்பாத பள்ளிக்குப் போகச் சம்மதிக்க வைப்பது, போன பிறகு ஓடிவிடாமல் பார்த்துக்கொள்வது. இதில் கடைசி வேலைக்குத்தான் பணம் மிகக் குறைவாகப் போகிறது என்பது என் அபிப்பிராயம். அது ஏன் என்று சொல்வதற்கு முன், பற்றாக்குறை எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம்.

இந்தியாவில் 2024-25 கல்வியாண்டுக்கான யுடைஸ் (மத்திய அரசு வருஷா வருஷம் எடுக்கும் பள்ளிக் கணக்கெடுப்பு) கணக்குப்படி ஒரே ஒரு ஆசிரியரை வைத்து நடக்கும் பள்ளிகள் ஒரு லட்சத்துக்கும் மேல், அவற்றில் படிக்கும் பிள்ளைகள் 33 லட்சத்துக்கும் மேல். 2009 கல்வி உரிமைச் சட்டமோ, தொடக்கப் பள்ளியில் அறுபது பிள்ளைகள் வரை இருந்தால் இரண்டு ஆசிரியர் வேண்டும் என்கிறது. ஓராசிரியர் பள்ளி என்றால் என்ன என்று நகரத்தில் இருப்பவர்களுக்குச் சட்டென்று புரியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு வரை எல்லாப் பாடமும் அவர்தான், சத்துணவுக்கு எத்தனை தலை என்று கணக்குக் கொடுப்பதும் அவர்தான், எமிஸ் என்ற அரசின் பள்ளித் தகவல் செயலியில் வருகை ஏற்றுவதும் அவர்தான், சிக்னல் கிடைக்கவில்லை என்றால் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து நிற்பதும் அவர்தான். வட்டார வள மையத்தில் கூட்டம் என்று கூப்பிட்டால் பக்கத்துப் பள்ளியிலிருந்து ஒருவர் மாற்றுப்பணியில் வர வேண்டும், அங்கேயும் இருப்பதே இரண்டு பேர்தான்.

இது ஆளே கிடைக்காததால் வரும் நிலை என்று நினைத்தால் பாதிதான் சரி. டெட் என்ற ஆசிரியர் தகுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருப்பவர்கள் நம் ஊரிலேயே ஏராளம். அறிவிப்பு தாமதம், வழக்கு, இட ஒதுக்கீட்டுப் பட்டியலில் சிக்கல், நிதித்துறை ஒப்புதல் என்று பணியிடம் காலியாகவே கிடக்கிறது. நிரப்பினாலும், அடுத்த கலந்தாய்வில் சொந்த மாவட்டத்துக்கு இடமாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, குடும்பம் ஒரு ஊரில், வேலை மலைமேல் என்றால் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

அமெரிக்காவிலும் கிட்டத்தட்ட இதே கதைதான், காரணம்தான் வேறு. அங்கே பள்ளிக்கான பணத்தில் கணிசமான பங்கு உள்ளூர்ச் சொத்து வரியிலிருந்து வருகிறது. வீட்டு விலை அதிகமான பகுதியில் பள்ளிக்கும் பணம் அதிகம், ஏழைப் பகுதியில் குறைவு, ஆசிரியர் சம்பளமும் அதற்கேற்பத்தான். ஆனால் 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வு வேறொன்றையும் காட்டியது. பெருநகரப் பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) சிலவற்றுக்கு, தேவைக்கு மேலேயே விண்ணப்பங்கள் வந்து குவிந்தன. ஆனால் வேலைக்கான உத்தரவு கொடுப்பதற்கு ஜூலை, ஆகஸ்ட் ஆகிவிட்டது. அதற்குள் விண்ணப்பித்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிக்கும் மேல் வரை விலகிப் போய்விட்டார்கள், அதுவும் நல்ல தகுதி உள்ளவர்களே முதலில். பக்கத்துப் பணக்காரப் பள்ளி மாவட்டம் வசந்த காலத்திலேயே கூப்பிட்டு உத்தரவைக் கையில் கொடுத்துவிடுகிறதே! ஓய்வு பெறுபவர்கள் கடைசி நேரத்தில் சொல்வது, பழைய ஆசிரியர்களின் இடமாறுதல் முடிந்த பிறகுதான் புதியவர்களுக்கு இடம் என்ற விதி, பட்ஜெட் தாமதம் ஆகியவைதான் காரணம். இந்தக் கோளாறைச் சரிசெய்ய வேண்டுமானால் நியமன அலுவலகத்தின் நடைமுறையில் கைவைக்க வேண்டும். அதற்குக் கொடை கொடுக்க யாருக்கு மனசு வரும்? கோயிலுக்கு டியூப்லைட் வாங்கிக் கொடுத்துவிட்டு வெளிச்சமே வராத அளவுக்கு "உபயம்" என்று பெயர் எழுதும் ஆட்கள் நாம். அலுவலகக் கோப்பு வேகமாக நகர்ந்ததற்கு உபயம் எழுத இடமே கிடையாது.

இந்தத் துறையில் உலகமெங்கும் எல்லோரும் சுட்டிக்காட்டும் உதாரணம் டீச் ஃபார் அமெரிக்கா. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்த வெண்டி காப் என்ற மாணவி 1989-ல் தன் பட்டப்படிப்பு ஆய்வேட்டில் எழுதிய யோசனை அது. நல்ல கல்லூரியில் படித்து முடித்தவர்களை, கல்வியியல் பட்டம் இல்லாவிட்டாலும், இரண்டு வருஷம் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் ஆசிரியராக வேலை பார்க்க அனுப்புவது. மோபில் எண்ணெய் நிறுவனம் ஆரம்பப் பணம் கொடுத்தது. தொழிலதிபர் ராஸ் பெரோ ஐந்து லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார், ஆனால் அதைப் போல மூன்று மடங்கை நீங்கள் வெளியே திரட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு. நீ கொஞ்சம் போடு, நான் கொஞ்சம் போடுகிறேன் என்ற இந்த ஈட்டு நிதி முறை கொடையுலகில் மிகப் பழக்கமான ஒன்று. 1990-ல் சுமார் ஐந்நூறு பேரோடு திட்டம் தொடங்கிவிட்டது.

இதில் பணம் எப்படிப் பிரிகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். அங்கே போகிற இளைஞருக்குச் சம்பளம் தருவது அந்தப் பள்ளி மாவட்டம், மற்ற புது ஆசிரியருக்குக் கொடுப்பது போலவே. அதற்கு மேல், ஆளைத் தேடிக் கொடுத்ததற்காக ஆளுக்கு வருஷத்துக்குச் சில ஆயிரம் டாலர் கட்டணமும் பல மாவட்டங்கள் அமைப்புக்குக் கட்டின. கல்லூரி கல்லூரியாகப் போய் ஆள் பிடிப்பது, நேர்முகத் தேர்வு, சுமார் ஐந்து வாரக் கோடைப் பயிற்சி, பிறகு வகுப்பறைக்கு வந்து பார்த்துத் திருத்துகிற பயிற்றுநர்கள் ஆகிய செலவுகளில் பெரும்பங்கைத்தான் கொடை தாங்கியது.

2010 வாக்கில் இந்தக் கொடை வேறு அளவுக்குப் போனது. அமெரிக்க மத்தியக் கல்வித்துறை ஐந்து கோடி டாலர் மானியம் அறிவித்தது, அதில் ஐந்தில் ஒரு பங்குக்கு ஈடாகத் தனியார் பணம் காட்ட வேண்டும் என்பது விதி. 2011 தொடக்கத்தில் ஈலை பிராட் அறக்கட்டளை உட்பட நான்கு கொடையாளர்கள் ஆளுக்கு 2.5 கோடி என்று மொத்தம் பத்துக் கோடி டாலர் நிரந்தர வைப்பு நிதிக்குக் கொடுத்தார்கள். அசலைத் தொடாமல், அதன் வருமானத்தில் செலவைப் பார்த்துக்கொள்வதுதான் நிரந்தர வைப்பு நிதி. அதே வருஷம் வால்மார்ட் குடும்பத்தின் வால்டன் அறக்கட்டளை கிட்டத்தட்ட ஐந்து கோடி டாலர் தருவதாக அறிவித்தது. ஆசிரியர் எண்ணிக்கையை நான்கு வருஷத்தில் 80 சதவீதத்துக்கு மேல் கூட்டுவது என்று திட்டம் போட்டார்கள்.

முதல் இரண்டு வருஷத்தில் கூடியது 25 சதவீதம். அதுவே பெரிய வளர்ச்சிதான், போட்ட திட்டத்துக்குத்தான் எட்டவில்லை. அப்புறம் 2013-ல் 57 ஆயிரத்தைத் தொட்ட விண்ணப்பங்கள் 2016-ல் 37 ஆயிரமாகக் குறைந்தன. 2008 பொருளாதாரச் சரிவு விலகி, பட்டதாரிகளுக்கு வேறு வேலைகள் கிடைக்க ஆரம்பித்தது ஒரு காரணம். இந்தத் திட்டத்தைப் பற்றி வந்த விமர்சனங்களும் கல்லூரி வளாகங்களில் பரவியிருந்தன. கையில் கோடிகள் இருந்தும் ஆள் வரவில்லை. விரிவாக்கத்துக்கென்று வரும் பணம் தேடும் வலையைப் பெரிதாக்கும், ஆனால் அந்தத் தொழிலுக்கு வர விருப்பமுள்ளவர்களின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பது வேலைச்சந்தையும் ஆசிரியர் சம்பளமும் அந்தத் தொழிலுக்கு இருக்கும் மரியாதையும்தான்.

சரி, அனுப்பப்பட்டவர்கள் பாடம் நன்றாக நடத்தினார்களா? மேதமேட்டிகா என்ற ஆய்வு நிறுவனம் இந்த விரிவாக்கக் காலத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களை, அதே பள்ளிகளில் இருந்த மற்ற ஆசிரியர்களோடு ஒப்பிட்டு 2015-ல் முடிவை வெளியிட்டது. வாசிப்பிலும் கணக்கிலும் சராசரியாக இரு தரப்புப் பிள்ளைகளும் சமம். இவர்களின் சராசரி அனுபவம் இரண்டு வருஷத்துக்கும் குறைவு, மற்றவர்களுக்குப் பதின்மூன்று வருஷத்துக்கும் மேல் என்பதை வைத்துப் பார்த்தால் இது மோசமில்லை. ஆதரவாளர்கள் இதைத்தான் எடுத்துச் சொல்கிறார்கள். அதே ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது: இப்படி வந்தவர்களில் பத்தில் எட்டுப் பேருக்கு மேல், வாழ்நாள் முழுக்க வகுப்பறை ஆசிரியராக இருக்கும் எண்ணம் இல்லை என்றார்கள். மற்ற ஆசிரியர்களில் அப்படிச் சொன்னவர்கள் நான்கில் ஒரு பங்குதான்.

இங்கேதான் என் சந்தேகம் தொடங்குகிறது. ஒரு பிள்ளை ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஒரே பள்ளியில் படிக்கிறது என்றால், இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை புது முகம். ஒவ்வொரு முறையும் முதல் வருஷம் அந்த ஆசிரியர் தொழில் கற்றுக்கொள்ளும் வருஷம். அவர் தேறிவரும் நேரத்தில் கிளம்பிவிடுகிறார். அடுத்தவரைத் தேட மறுபடி பணம். கொடையாளருக்கு இதில் வருஷா வருஷம் "இத்தனை பேரைச் சேர்த்தோம்" என்று சொல்ல ஓர் எண் கிடைக்கிறது. "இத்தனை பேர் போகாமல் இருந்தார்கள்" என்ற எண்ணை ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் போடுகிற அமைப்பு அபூர்வம்.

இதற்கு மாற்றாக ஒரு முறை இருக்கிறது. பாஸ்டன் நகரில் 2003-ல், உள்ளூர்க் கொடையாளர்களின் பணத்தோடு பள்ளி மாவட்டமும் சேர்ந்து தொடங்கிய பயிற்சித் திட்டம். மருத்துவம் படித்தவர் பெரிய டாக்டரின் கீழ் ஆஸ்பத்திரியில் பழகுவது போல, ஒரு முழு வருஷம் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் கூடவே இருக்க வேண்டும், மாலையில் முதுகலைப் படிப்பு, கையில் உதவித்தொகை, பிறகு மூன்று வருஷம் அதே நகரத்துப் பள்ளியில் வேலை என்று ஒப்பந்தம். ஐந்தாவது வருஷம் இவர்களில் சுமார் நான்கில் மூன்று பங்கு அங்கேயே இருந்தார்கள், அதே காலத்தில் வேலைக்கு வந்த மற்றவர்களில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். கணக்குப் பாடத்தில் முதல் வருஷங்களில் இவர்கள் மற்றப் புது ஆசிரியர்களைவிடப் பின்தங்கியிருந்தார்கள், நான்காவது ஐந்தாவது வருஷத்தில் அனுபவசாலிகளையே தாண்டினார்கள். தங்கினால்தானே நான்காவது வருஷம் வரும்! ஆனால் ஆளுக்கு ஆகும் செலவு அதிகம், ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கில் உருவாக்க முடியாது.

கொடுப்பவரின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பதையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் அரசுப் பணத்தில், ஆனால் தனியார் நிர்வாகத்தில் நடக்கும் சார்ட்டர் பள்ளிகள் என்று ஒரு வகை உண்டு. வால்டன் அறக்கட்டளை அவற்றுக்குப் பெரிய ஆதரவாளர். 2013-ல் அது டீச் ஃபார் அமெரிக்காவுக்குக் கொடுத்த ஒரு மானியத்தில், சாதாரண அரசுப் பள்ளியில் ஓர் ஆசிரியரைச் சேர்த்தால் 4,000 டாலர், சார்ட்டர் பள்ளியில் சேர்த்தால் 6,000 டாலர் என்று இருந்ததைப் புரோபப்ளிக்கா பத்திரிகையாளர்கள் 2019-ல் வெளிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பள்ளியில் பற்றாக்குறை அதிகம் என்பதை விட, எந்தப் பள்ளிக்கு விலை அதிகம் என்பது முக்கியமாகிவிடும் அபாயம் இதில் இருக்கிறது. நியூ ஆர்லியன்ஸ் கதை இன்னும் கசப்பு. 2005-ல் கத்ரீனா புயலுக்குப் பிறகு அந்த நகரத்தில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலையிழந்தார்கள். பிறகு திறந்த பள்ளிகளில் இப்படிப்பட்ட திட்டங்கள் வழியாக வெளியூர் இளைஞர்கள் நிறைய வந்தார்கள். புயலுக்கு முன் ஆசிரியர்களில் சுமார் 70 சதவீதம் கறுப்பினத்தவர், பத்து வருஷத்துக்குள் அது பாதிக்கும் கீழே போனது, பிள்ளைகளோ பெரும்பாலும் கறுப்பினத்தவர்களே. ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்புவதற்காகத் தொடங்கியது, இருந்தவர்களின் இடத்தில் போய் உட்கார்ந்தால் ஊர்க்காரர்களுக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

இதெல்லாம் புதுசு என்றும் நினைக்க வேண்டாம். நூறு வருஷத்துக்கு முன்பே அமெரிக்கத் தென்மாநிலங்களில் இதைவிட அழகாக ஒன்று நடந்திருக்கிறது. ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த ஆனா ஜீன்ஸ் என்ற, குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்த மூதாட்டி, 1907-ல் பத்து லட்சம் டாலரைக் கறுப்பினப் பிள்ளைகள் படிக்கும் கிராமப்புறச் சிறு பள்ளிகளுக்கென்று ஒதுக்கினார். நிறவெறி உச்சத்தில் இருந்த காலம், அந்தப் பள்ளிகளை அரசாங்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அந்த நிதியில் நியமிக்கப்பட்ட முதல் ஆசிரியை வர்ஜீனியா ராண்டால்ஃப், வர்ஜீனியா மாநிலத்தின் ஹென்ரைக்கோ பகுதியில். தன்னுடைய சின்னப் பள்ளிக்குத் தானே வெள்ளையடித்து, முற்றத்தில் சரளைக்கல் கொட்டி, பிள்ளைகளை வைத்து மரக்கன்று நட்டுக்கொண்டிருந்தவர் அவர். 1908-லிருந்து இருபதுக்கும் மேற்பட்ட பள்ளிகளைச் சுற்றி வந்து, அங்கிருந்த ஆசிரியைகளுக்குக் கற்றுக்கொடுத்து, பெற்றோரைக் கூட்டி, பழுது பார்த்து, வேலை செய்தார். ஜீன்ஸ் ஆசிரியைகள் என்றே பெயர் வந்த இந்தப் பெண்கள் பெரும்பாலும் கறுப்பினத்தவர்கள், அந்த மண்ணைத் தெரிந்தவர்கள். முதலில் நிதியம் சம்பளம் கொடுத்தது, பிறகு படிப்படியாக உள்ளூர்ப் பள்ளி வாரியங்கள் அந்தச் சம்பளத்தை ஏற்றுக்கொண்டன. 1968 வரை அறுபது வருஷம் ஓடியது அந்தத் திட்டம். கொடை விலகிக்கொள்ளும்போது அரசு எங்கே வந்து நிற்கும் என்பது வழியில் எங்கோ பேசி முடிவாகியிருந்தது. பத்துக் கோடி டாலர் திட்டங்கள் பலவற்றில் அந்தப் பேச்சே இருப்பதில்லை.

இந்தியாவுக்கு வருவோம். டீச் ஃபார் அமெரிக்கா மாதிரியைப் பின்பற்றி ஷாஹீன் மிஸ்திரி தொடங்கிய டீச் ஃபார் இந்தியா 2009-ல் மும்பையிலும் புணேயிலும் முதல் அணியை வகுப்பறைக்கு அனுப்பியது, பிறகு சென்னைக்கும் வந்தது. பார்வைக்கு அதே இரண்டு வருஷத் திட்டம். ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். அமெரிக்காவில் சம்பளம் பள்ளி மாவட்டத்தின் பாக்கெட்டிலிருந்து. இங்கே அந்த இளைஞருக்கு மாத உதவித்தொகை தருவது அமைப்பே, அதாவது நன்கொடைப் பணம். மாநகராட்சிப் பள்ளியோ குறைந்த கட்டணத் தனியார் பள்ளியோ வகுப்பை மட்டும் கொடுக்கிறது. அரசின் பணியிடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. அதனால் இங்கே நன்கொடை நின்றால் அந்த நபரும் நின்றுவிடுவார், காலிப்பணியிடம் அப்படியே இருக்கும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், பெரும்பாலும் சி.எஸ்.ஆர். 2013 கம்பெனிச் சட்டத்தின் 135-வது பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்தோ உள்ள கம்பெனிகள் முந்தைய மூன்று வருஷச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவழிக்க வேண்டும் என்கிறது. 2014 ஏப்ரலிலிருந்து அமலில் இருக்கிறது, கல்விக்கு எப்போதும் பெரிய பங்கு. இதில் உள்ள சின்னச் சிக்கல்: "நடப்புத் திட்டம்" என்று காட்டினாலும் தொடங்கிய ஆண்டு போக மூன்று ஆண்டுக்கு மேல் இழுக்க விதி இடம் தருவதில்லை. முடிந்ததும் புதிதாக ஒப்புதல் வாங்கித் தொடரலாம், ஆனால் அதற்குள் கம்பெனியின் தலைமை மாறியிருக்கும், "இந்த வருஷம் குடிநீர்" என்று முடிவு செய்திருப்பார்கள். ஆசிரியரை உருவாக்கும் வேலையோ ஐந்தாவது வருஷத்தில்தான் பலன் காட்டத் தொடங்குகிறது. அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை போன்ற சில இடங்கள் வேறு வழியில் போகின்றன, புது ஆட்களைக் கொண்டுவருவதைவிட ஏற்கெனவே அரசுப் பள்ளியில் இருக்கும் ஆசிரியர்களோடு மாவட்ட அளவில் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறார்கள். படம் எடுத்துப் போட எதுவும் இருக்காத வேலை, ஆனால் கொடை நின்றாலும் அந்த ஆசிரியர் அரசுப் பணியில்தான் இருப்பார்.

தமிழ்நாட்டில் நமக்குப் பழக்கமான வடிவம் பி.டி.ஏ. ஆசிரியர். பெற்றோர்-ஆசிரியர் கழகம் ஊருக்குள் வசூல் செய்து, புரவலர் ஒருவரைப் பிடித்து, பட்டம் முடித்த உள்ளூர்ப் பெண் ஒருவரைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வைத்துக்கொள்ளும். 2022-ல் அரசே 13,331 காலியிடங்களைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் மூலம் தற்காலிகமாக நிரப்ப முடிவு செய்தபோது அறிவித்த தொகுப்பூதியம் இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். ஒரு ஜவுளிக்கடை விற்பனையாளர் சம்பளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நீதிமன்றம் வரை போய் நிறைய வாக்குவாதம் நடந்தது. இருந்தும் ஒரு நன்மை: அந்த ஆசிரியை அதே ஊர், பஸ் நின்றாலும் நடந்து வந்துவிடுவார், பிள்ளை இரண்டு நாள் வரவில்லை என்றால் சாயங்காலம் அவர்கள் வீட்டு வாசலில் போய் நிற்பார்.

ஆகவே உங்கள் கம்பெனியின் சி.எஸ்.ஆர். குழுவோ முன்னாள் மாணவர் சங்கமோ "ஆசிரியர் சேர்க்கும் திட்டத்துக்குப் பணம் கொடுக்கலாமா" என்று கேட்டால், எத்தனை பேரைச் சேர்ப்பீர்கள் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். போன முறை சேர்த்தவர்களில் மூன்றாவது வருஷம் எத்தனை பேர் அதே பள்ளியில் இருந்தார்கள், நம் பணம் நின்ற மறுமாதம் அவருக்குச் சம்பளம் கொடுக்கப்போவது யார், அது எழுத்தில் இருக்கிறதா, அந்தப் பள்ளியில் ஏற்கெனவே ஒருவர் குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்க்கிறாரா, புதியவர் வந்தால் அவர் கதி என்ன என்று முதலில் கேட்கலாம். பெரிய தொகை இல்லை, ஒரே ஒரு பள்ளிக்குத்தான் கொடுக்க முடியும் என்றால், தலைமையாசிரியரிடம் போய் பி.டி.ஏ. ஆசிரியைக்கு மே மாதச் சம்பளம் உண்டா என்று விசாரியுங்கள். பெரும்பாலும் இருக்காது. பத்து மாதமோ பதினொரு மாதமோ கொடுத்துவிட்டு கோடை விடுமுறையில் நிறுத்திவிடுவார்கள், அந்த இடைவெளியில்தான் பலர் தனியார் பள்ளிக்கு மாறிப் போகிறார்கள். ஜூனில் புது ஆளைத் தேடி அலைவதற்கு ஆகும் செலவை விட அந்த ஒரு மாதச் சம்பளம் குறைவுதான்.